கீறிய இறுவட்டும் பொலிஷ் மெஷினும்

"நானா, சீ.டி. பொலிஷ் பண்ணும் மெஷின் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிப் போடலாமா?"

இந்தக் கேள்வியைக் கடந்த ஒரு வருட காலத்துக்குள் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கம்பளையில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் மாவனல்லையில் போட்டோ பிரதி எடுக்கும் கடைக்காரர். மூன்றாமவர் கொழும்பில் பழைய கேம் சாமான்களை வாங்கி விற்பவர். மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. மெஷின் ஒன்றுதான். ஆனால் அதன் முன்னால் வந்து நிற்கும் வாடிக்கையாளர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர்.

இறுவட்டு செத்துப்போன சாமான், அதைத் திருத்த எவன் காசு கொடுப்பான் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் எங்கள் நாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதே கம்பனி அமெரிக்காவில் தபாலில் டி.வி.டி. அனுப்பித்தான் தொழிலை ஆரம்பித்தது. அந்தத் தபால் சேவையையும் 2023 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். எழுதக்கூடிய புளூ-ரே இறுவட்டுகள் தயாரிப்பதை 2025 பெப்ரவரியில் சொனி நிறுத்தியது. இனி இந்தச் சாமான் வளரப் போவதில்லை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் விற்பனை நின்ற சாமானுக்குத் திருத்த வேலை அடுத்த நாளே நின்றுவிடுவதில்லை. தையல் மெஷினையும் மணிக்கூட்டையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விற்ற இறுவட்டுகள் எங்கே போயின? அலுமாரிக்குள், கட்டிலுக்குக் கீழே, கார் டேஷ்போர்டுக்குள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் சீ.டி. பிளேயர் வைத்த பழைய ஜப்பான் கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. இது ஒரு சின்ன உதாரணம். பெரிய வேலை வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமானைத் தெரியாமல் மெஷின் வாங்குவது, நெல் தெரியாதவன் ஆலை வாங்கின கதையாகிவிடும்.

கண்ணாடி அலுமாரியும் உள்ளே உள்ள சரக்கும்

கடையில் கண்ணாடி போட்ட ஷோகேஸ் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். சரக்கு உள்ளே இருக்கிறது. வாடிக்கையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார். கண்ணாடியில் கீறல் விழுந்தால் சரக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியைத் தேய்த்து மினுக்கிவிட்டால் மறுபடியும் தெரியும். இறுவட்டை பொலிஷ் பண்ணுவது என்பது இவ்வளவுதான்.

இறுவட்டில் கண்ணாடிக்குப் பதிலாக இருப்பது பொலிகாபனேட் என்ற பிளாஸ்டிக். பார்க்கிறவர் லேசர் ஒளி. சரக்கு, மிகச் சிறிய பள்ளங்களாக ஒரே சுருளாக நடுவிலிருந்து வெளியே போகிறது. ஒரு சீ.டி.யின் சுருளை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்.

இனித்தான் வியாபாரிக்கு வேண்டிய விடயம் வருகிறது. இந்தச் சரக்கு எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? சீ.டி., டி.வி.டி., புளூ-ரே மூன்றும் ஒரே அளவுதான், 120 மில்லிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. கையில் எடுத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே மூன்றும் மூன்று ஜாதி.

சீ.டி.யில் சரக்கு ஆக மேலே, படமும் பெயரும் அச்சிட்ட பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேசர் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக்கைக் கடந்துதான் அதைப் பார்க்கிறது. ஆகவே கீழ்ப்பக்கத்தில் தேய்ப்பதற்குத் தாராளமாக இடமுண்டு. மேல்பக்கத்தில் இருப்பதோ மெல்லிய அரக்குப் பூச்சும் மைப் பூச்சும் மட்டும்தான். எல்லோரும் மினுக்கமான பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள், எழுத்துள்ள பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். உண்மையில் சீ.டி.க்கு மரணம் வருவது எழுத்துள்ள பக்கத்தால்தான். அந்தப் பக்கம் கீறி வெள்ளிப் பூச்சுப் போய்விட்டால் சரக்கே போய்விட்டது. மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துவாரம் போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பதிவு இல்லை. எந்த மெஷினாலும் அதைக் கொண்டுவர முடியாது.

டி.வி.டி. வேறு. 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டை ஒட்டி, சரக்கை நடுவில் வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பக்கம் கீறினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கீழ்ப்பக்கத்தில் தேய்ப்பதற்கு இருக்கும் இடம் சீ.டி.யில் பாதி. லேசர் தன் பார்வையை அந்த 0.6 மில்லிமீற்றருக்கென்றே சரிசெய்து வைத்திருக்கிறது. ஒரே டி.வி.டி.யைத் திரும்பத் திரும்ப அரைத்து மெலிதாக்கினால், கண்ணாடி போலப் பளபளக்கும், ஆனால் ஓடாது.

புளூ-ரேயில் சரக்குக்கு மேலே இருப்பது வெறும் 0.1 மில்லிமீற்றர், அதாவது 100 மைக்ரோன். அதன் மேல் கீறல் விழாதபடி கடினமான பூச்சு ஒன்று போட்டிருக்கிறார்கள். மெஷினில் வைத்தால் முதலில் போவது அந்தப் பூச்சுத்தான். விலை கூடிய சில மெஷின்கள் மேலோட்டமான அடையாளங்களை எடுப்பதாகச் சொல்கிறார்கள். நமது கடைகளுக்கு வரும் சாதாரண மெஷின்களில் புளூ-ரேயை வைக்கவே கூடாது.

இதைத் தெரியாதவர்கள்தான் கேம் இறுவட்டுக்களை நம்பி மெஷின் வாங்குகிறார்கள். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 முதல் அந்த வரிசை முழுவதும் புளூ-ரேதான். இன்று சந்தையில் காசு புரளும் பிளேஸ்டேஷன் 4, 5 இறுவட்டுக்கள் உங்கள் மெஷினுக்கு உரியவையல்ல. உங்களுக்கு உரியவை பிளேஸ்டேஷன் 1, 2, பழைய எக்ஸ்பொக்ஸ், எக்ஸ்பொக்ஸ் 360, நின்டெண்டோ வீ போன்றவை. மெஷின் விற்க வருகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

தேய்ப்பில் நடப்பது என்ன?

கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை, கீறலின் அடி வரை இறக்கிவிடுகிறார்கள். மேசையில் உள்ள கீறலைப் போக்க தச்சன் இழைப்பது போல. அதனால்தான் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டமான கீறல், வெறும் பொலிஷ் போதும். நகம் தட்டி நின்றால் ஆழமானது, முதலில் மெல்லிய நீர்த்தாளில் அரைத்து, பிறகு படிப்படியாக மினுக்க வேண்டும்.

கீறலின் திசையும் முக்கியம். நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொட்டு இடத்தை மட்டுமே மறைக்கும். அதைச் சமாளிக்கத் திருத்தக் கணக்கு ஒன்றை இறுவட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சீ.டி.யில் சுருளின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீற்றர் வரை தொடர்ச்சியாக மறைந்தாலும் விட்டுப்போனதைப் பிளேயர் கணக்குப் போட்டு எடுத்துவிடும். சுருளோடு சேர்ந்து வட்டமாக விழுந்த கீறல் அப்படியல்ல. ஒரே இடத்தில் நீளமாக மறைப்பதால் கணக்குத் தோற்றுப்போகும். எக்ஸ்பொக்ஸ் 360 ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியை அசைத்தால் இறுவட்டில் வளையம் போல ஒரு கீறல் விழும். பார்க்கச் சின்னதாக இருக்கும், வேலையில் ஆகக் கஷ்டமானது அதுதான். துணியால் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

மெஷின்களில் பல தரம் உண்டு. கையால் சுற்றும் சிறிய பெட்டி வீட்டுக்குப் போதும், கடைக்குப் போதாது. அடுத்தது மோட்டரும் நேரக் கணிப்பும் உள்ள மேசை மெஷின். பஞ்சுத் தட்டில் மருந்து பூசி, இறுவட்டை வைத்து மூடி, சில நிமிடம் ஓடவிடுவது. நமது வியாபாரிகள் கையில் அதிகம் புழங்குவது இதுதான். அதற்கும் மேலே தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்கும் மெஷின்கள் இருக்கின்றன. ஜப்பானின் ஈ.எல்.எம். கம்பனி செய்தவை போன்றவை. வெளிநாட்டில் வாடகைக் கடைகளும் நூலகங்களும் பாவித்தவை.

தண்ணீர் எதற்கு என்றால், சூட்டுக்கு. இந்த வேலையில் எதிரி கீறல் அல்ல, சூடு. அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தாலும், மருந்து காய்ந்த தட்டில் ஓடவிட்டாலும் பிளாஸ்டிக் சூடேறி, மேலே பனி படிந்தது போல மங்கிவிடும். கூடச் சூடேறினால் தகடு வளையும். ஒட்டிச் செய்த டி.வி.டி.யாக இருந்தால் ஒட்டே விலகலாம். ஒரு தரம் ஓடவிட்டு, ஆறவைத்து, துடைத்துப் பார்த்து, பிறகு மறு தரம் ஓடவிடும் பொறுமை இல்லாத பையனை மெஷினுக்குப் பக்கத்தில் விடக்கூடாது. ஒரு மேசைக்கு இரண்டு மெஷின் போட்டு வேகமாக முடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

பற்பசை வைத்தியம் பற்றியும் கேட்பார்கள். பற்பசையிலும் மெல்லிய தேய்ப்புப் பொடி இருக்கிறது. மயிர் போன்ற கீறலுக்குச் சில வேளை பலிக்கும். தன் வீட்டுச் சாமானில் யாரும் செய்து பார்க்கட்டும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அது அல்ல. தின்னர், அசிற்றோன் இரண்டும் இறுவட்டின் பக்கமே வரக்கூடாது. அந்தப் பிளாஸ்டிக்கை அவை வெடிக்கச் செய்துவிடும்.

மெஷின் விலையல்ல, மருந்து விலை

இப்போது கணக்குக்கு வருவோம். இது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய மெஷின் ஒன்று 60,000 ரூபா என்று வைப்போம். ஒரு இறுவட்டுக்கு மருந்து, தட்டு, மின்சாரம் சேர்த்து 80 ரூபா. வாடிக்கையாளரிடம் 400 ரூபா வாங்குகிறோம். கையில் 320 மிஞ்சும் என்று மனம் சொல்லும். ஆனால் நாலில் ஒன்று தேறாது என்று வையுங்கள். தேறாததற்குக் காசு வாங்க முடியாது, மருந்தோ செலவாகிவிட்டது. ஆகவே நாலு இறுவட்டுக்கு வரவு 1,200, செலவு 320, மிச்சம் 880. ஒன்றுக்கு 220 ரூபா. மெஷின் காசை எடுக்க 273 இறுவட்டுகள் செய்ய வேண்டும். நாளுக்கு மூன்று வந்தால் மூன்று மாதம். கிழமைக்கு மூன்றுதான் வந்தால் 91 கிழமை, ஒன்றேமுக்கால் வருடம். கம்பளைக்காரருக்கு நான் வேண்டாம் என்று சொன்னதற்கு இந்த 91 கிழமைதான் காரணம். அவருடைய கடைக்கு வருகிறவர்கள் போனோடு வருகிறார்கள், இறுவட்டோடு வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மெஷின் விற்கும் கம்பனிகள் சம்பாதிப்பது மருந்திலும் தட்டிலும்தான். அச்சுமெஷின் விற்றுவிட்டு மையில் சம்பாதிப்பது போல. அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். 2022இல் 200 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டியபோது, மெஷினை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். மருந்து இல்லாத மெஷின் பாரமான பெட்டி. கார் பொலிஷைப் போட்டுச் சமாளித்தவர்களும் உண்டு. அதனுள் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் பிறர் சாமானில் பூசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஓடுகிறதே, பிறகென்ன?"

கொழும்பு நண்பரின் விடயம் வேறு. அவர் தன் சொந்தச் சரக்கைத் திருத்தி விற்கிறார். கிழமைக்கு இத்தனை வாடிக்கையாளர் வரவேண்டும் என்ற கவலை அவருக்கில்லை. ஐந்துக்கு வாங்கிய கீறல் சரக்கை இருபதுக்கு விற்க முடிந்தால் மெஷின் தன் காசைத் தானே எடுக்கும். பிளேஸ்டேஷன் 2இன் அசல் இறுவட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் வெளிநாடுகளில் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அசல் மட்டும்தான். கள்ளப் பிரதிக்கு மருந்துக் காசுகூடத் தேறாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நாட்டில் அதைக் கடையில் வைத்திருப்பதே வில்லங்கம்.

இந்தச் சரக்கில் ஒரு பிணக்கைத் தீர்த்து வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். விற்றவரும் வாங்கியவரும் எனக்குத் தெரிந்த இரு வியாபாரிகள். பெயர் வேண்டாம். டுபாய் வழியாக வந்த 80 அசல் பிளேஸ்டேஷன் 2 இறுவட்டுகள். "புதுசு போல" என்று சொல்லி விற்கப்பட்டவை. வாங்கியவர் சில்லறையில் விற்க, ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. நான் போய் மின்குமிழுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே சீராக மெல்லிய வட்டக் கோடுகள். கையால் விழும் கீறல் அப்படி ஒழுங்காக இருக்காது, அது மெஷினின் கையெழுத்து.

விற்றவர் மறுக்கவில்லை. "பொலிஷ் பண்ணினால் என்ன மச்சான், ஓடுகிறதே, பிறகென்ன?" என்றார். ஓடத்தான் செய்தது. எங்கள் முன்னால் ஒன்றைப் போட்டுக் காட்டினார். முதல் திரை வந்தது, பாட்டும் வந்தது. இங்கேதான் விடயம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம். இறுவட்டு வாசிக்கப்படுவது நடுவிலிருந்து வெளியே. ஆரம்பத் திரை பெரும்பாலும் உள்வட்டத்தில் இருக்கும். வெளிவட்டத்தில் கோளாறு இருந்தால், பையன் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் விளையாடிய பிறகுதான் நின்றுபோகும். அப்போது ஏசு வாங்குவது சில்லறைக்கு விற்றவர்.

எண்பதையும் கொம்பியூட்டரில் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை முழுவதும் வாசிக்கவிட்டோம். ஒன்றரை நாள் எடுத்தது. 14 தேறவில்லை. அவற்றை விற்றவர் திருப்பி எடுத்தார். மற்றவற்றுக்கு "பொலிஷ் பண்ணியது" என்ற விலையைப் பேசி முடித்தோம். அது புதிய விலையும் அல்ல, கீறல் விலையும் அல்ல, இடையில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், பொலிஷ் பண்ணியது, முழுவதும் வாசித்துப் பார்த்தது என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி விற்க ஆரம்பித்தபோது மீதிச் சரக்கு நன்றாகவே போனது. வாங்குகிறவனுக்குப் பயம் கீறலில் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான்.

திரும்பக் கிடைக்காத சாமான்

கேம் இறுவட்டு கெட்டால் இன்னொன்று வாங்கலாம். இனி நான் சொல்லப்போகும் வேலைக்கு அந்த வசதி இல்லை.

2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் எங்கள் ஊர்களில் கலியாண வீடியோவை வி.சி.டி.யாகக் கொடுப்பார்கள். ஒரு வி.சி.டி.யில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும். ஆகவே ஒரு கலியாணம் இரண்டு, மூன்று இறுவட்டாக வரும். மேலே மணமக்களின் படம் அச்சிட்ட வட்டக் கடதாசி ஒட்டியிருக்கும். கமெரா நாடாவை வீடியோக்காரர் அழித்து மறு கலியாணத்துக்குப் பாவித்திருப்பார். ஆகவே உலகத்தில் அந்தக் கலியாணத்துக்கு இருப்பது அந்த இரண்டு தட்டு மட்டுமே.

அக்குறணைப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா, மகனோடு கண்டியில் உள்ள எங்கள் கடைக்கு வந்தார். கையில் இரண்டு இறுவட்டு. மகளின் கலியாணம், 2003. கணவர் மௌத்தாகி ஏழு வருடமாகிறது. போட்டோ இருக்கிறது, ஆனால் அவர் நடந்து பேசித் திரிவது அந்த வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது என்றார். மருமகன் வேறொரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார், மெஷினில் போட்டால் ஆயிரம் ரூபா என்றார்களாம்.

முதல் தட்டில் கடதாசி கழன்று தொங்கியது. அசிங்கமாக இருக்கிறதென்று வீட்டில் யாரோ அதை உரித்திருக்கிறார்கள். கடதாசியோடு வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தேன், ஒரு கையளவு இடத்தில் அந்தப் பக்கத்தில் நின்ற மகனின் முகம் தெரிந்தது. அந்தப் பகுதி போய்விட்டது தாத்தா, இதை மெஷினில் போட்டுக் காசு வாங்குவது சரியில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டாவது தட்டில் மேல்பக்கம் நல்லது. கீழே முழுக்கக் கீறலும், விரல் அடையாளமும், ஏதோ எண்ணெய்ப் பிசுக்கும். இதையும் நான் மெஷினில் போடவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றி எடுத்து, கொம்பியூட்டரில் போட்டேன். வீட்டு பிளேயரில் ஓடாதது கொம்பியூட்டரில் ஓடுவது சாதாரணம். ஒரு கொம்பியூட்டரில் ஓடாதது இன்னொன்றில் ஓடும். அதனால் பழைய டிரைவ்கள் நாலைந்தை நான் வீசாமல் வைத்திருக்கிறேன். மெஷினைவிட அவை எனக்குப் பெறுமதி. மூன்றாவது டிரைவில் பெரும்பகுதி வாசித்தது. வாசித்த அளவை உடனே பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் நின்று நின்று போனது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மெஷினைத் திறந்தேன். மெல்லிய மருந்து, இரண்டு தரம், நடுவில் ஆறவிட்டு. அதுவும் வந்தது.

மணமகனை வாசலில் வரவேற்கும் இடம் அந்த இரண்டாவது தட்டில்தான் இருந்தது. தாத்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தத்தைக் கூட்டுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கணக்கைச் சொல்கிறேன். முதல் தட்டுக்கு ஒன்றும் வாங்கவில்லை. இரண்டாவதற்கு 3,500 ரூபா. மெஷின் ஓடியது சில நிமிடம். காசு வந்தது வாசித்து எடுத்ததற்கும், பென் டிரைவ் இரண்டில் போட்டுக் கொடுத்ததற்கும். மாவனல்லைக்காரருக்கு நான் வாங்குங்கள் என்று சொன்னது இதனால்தான். அவருடைய கடைக்குப் பழைய போட்டோவைப் பெரிதாக்க, பத்திரங்களைப் பிரதி எடுக்க வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். அதே வீட்டு அலுமாரியில்தான் இந்தத் தட்டுகளும் இருக்கின்றன. அவருக்கு மெஷின் ஒரு துணைச் சாமான். விற்பனைப் பொருள் அந்தப் பதிவு.

இதில் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. கழுவுவது முதலில், வாசித்துப் பார்ப்பது அடுத்தது, வாசித்ததைப் பிரதி எடுப்பது மூன்றாவது, மெஷின் கடைசி. பல கடைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்தவுடன் மெஷினில் போட்டு மினுக்கிக் காட்டினால் வாடிக்கையாளருக்குத் திருப்தி, காசு கேட்கவும் இலகு. வீட்டில் எழுதிய தட்டில் பதிவு இருப்பது ஒருவகைச் சாயத்தில். வெயிலிலும் காலத்திலும் அது மங்கிக்கொண்டே வரும். சாயம் மங்கிய தட்டை எவ்வளவு தேய்த்தாலும் வராது. தேய்க்கும் சூட்டில் இருந்ததும் போகலாம். வாங்கும்போதே பற்றுச்சீட்டில் மேல்பக்கம் எப்படி, கீழ்ப்பக்கம் எப்படி, எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று எழுதி, வாடிக்கையாளருக்குக் காட்டிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கனவே இருந்த துவாரம் உங்கள் மெஷின் போட்ட துவாரமாகிவிடும். வீட்டுப் பதிவு மட்டும்தான் பிரதி. கடையில் வாங்கிய படத்தையோ பாட்டையோ பிரதி எடுத்துத் தரச் சொன்னால், முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

பழைய மெஷின் ஒன்றை விலை பேசப் போகிறவர்கள், உங்கள் சொந்தத்தில் கீறிய தட்டு ஐந்தாறை எடுத்துப் போங்கள். இரண்டு சீ.டி., இரண்டு டி.வி.டி., ஒன்றிலாவது வட்டக் கீறல் இருக்கட்டும். விற்பவர் தன் தட்டைப் போட்டுக் காட்டுவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு மோட்டரில் கை வைத்துப் பாருங்கள். தட்டு சுற்றும்போது தள்ளாடினால் அச்சு தேய்ந்திருக்கிறது. எந்த மருந்து, எந்தத் தட்டு, இலங்கையில் யாரிடம் கிடைக்கும், கடைசியாக எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். மருந்துப் போத்தலைத் திறந்து குலுக்கிப் பாருங்கள். அடியில் கட்டிபட்டிருந்தால் அந்தப் போத்தலின் விலையை மெஷின் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.